பிரெஞ்சில் ஒலிக்காத எழுத்துகள்: எது தூங்கும், எது எப்போது விழிக்கும்?

பாரிஸின் அந்தப் புகழ்பெற்ற அகலச் சாலையின் பெயரை முதன்முதலில் எழுத்தில் பார்ப்பவர் 'சாம்ப்ஸ் எலிசீஸ்' என்றுதான் படிப்பார். பாரிஸ்காரர்கள் சொல்வதோ 'ஷா(ன்)ஃஸேலிஃஸே'. பதின்மூன்று எழுத்துள்ள அந்தப் பெயரை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். முதல் சொல்லில் எம் தனியாக ஒலிக்காமல் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. அடுத்த பீ வாயே திறப்பதில்லை. அதற்கடுத்த எஸ் தன் சொல்லின் கடைசியில் நிற்காமல் தாவிப்போய் அடுத்த சொல்லின் தலையில் 'ஃஸ' என்று உட்காருகிறது. இரண்டாம் சொல்லின் கடைசி எஸ்ஸும் அதற்கு முந்திய ஈயும் சும்மா நிற்கின்றன. ஒரே பெயரில் பிரெஞ்சு எழுத்தின் குறும்பு கிட்டத்தட்ட முழுக்க இருக்கிறது.

ஒலிக்காத எழுத்தைச் செத்த எழுத்து என்று முடிவு கட்டிவிட்டால் பிரெஞ்சு பிடிபடாது. அவற்றில் பெரும்பாலானவை தூங்குபவை. பக்கத்தில் யார் வந்தால் எழுந்துகொள்ளும் என்று தெரிந்துகொள்வதுதான் நம் வேலை. கீழே உள்ள படிகளை வரிசையாகவே போங்கள். மூன்றாவது புரியாமல் ஐந்தாவது புரியாது.

தொடங்குமுன்: இந்தக் கட்டுரையின் குறிகள்

ரோமன் எழுத்துகளின் பெயர்களைத் தமிழில் எழுதும்போது இரண்டு ஜோடிகள் குழப்பும். அதனால் இப்படி வைத்துக்கொள்வோம்: பாரிஸின் முதல் எழுத்து 'பீ', பஸ்ஸின் முதல் எழுத்து 'பி', டாக்சியின் முதல் எழுத்து 'டீ', டாக்டரின் முதல் எழுத்து 'டி'. அடைப்புக்குறிக்குள் (ன்) வந்தால் அது மூக்கொலி, நாக்கு எங்கும் தொடக்கூடாது. 'ஃஸ' என்பது வண்டு ரீங்கரிப்பதுபோல அதிரும் ஒலி, 'ஸ' அதிராதது. இந்த இரண்டையும் காது பிரித்தறியாவிட்டால் பின்னால் சிக்கல் வரும். மற்றபடி, தமிழில் எழுதும் உச்சரிப்பு வழிகாட்டிப் பலகை மட்டுமே. ஊர்போய்ச் சேரக் காது வேண்டும்.

படி 1: கடைசி மெய்யை விழுங்குங்கள்

சொல்லின் கடைசியில் எஸ், டீ, டி, எக்ஸ், இசட், பீ, ஜி, பி ஆகியவை நின்றால் ஒலிக்காது என்று தொடங்குங்கள். பாரிஸ் 'பாரி' ஆகிறது. சின்ன என்று பொருள்படும் சொல் டீயில் முடிந்தாலும் 'பெத்தி'தான். மூக்கு 'நே' (இசட்டில் முடியும்), விலை 'ப்ரீ' (எக்ஸில் முடியும்), மிக அதிகம் 'த்ரோ' (பீயில் முடியும்). கார் நிறுவனங்களைப் பாருங்கள்: 'ரெனோ'வின் கடைசியில் எல்லும் டீயும் இருக்கின்றன, 'பேஜோ'வின் கடைசியில் டீ இருக்கிறது. யாரும் அவற்றைச் சொல்வதில்லை.

ஒன்றுக்கு மேல் மெய் சேர்ந்தால் மொத்தமாக விழும். நேரம் என்ற சொல்லின் முடிவில் எம், பீ, எஸ் மூன்றும் வரிசைகட்டி நிற்கின்றன. வருவது 'தா(ன்)' மட்டும். விரல்கள் என்ற சொல்லில் ஜி, டீ, எஸ் மூன்றும் போய் 'துவா' மிஞ்சும்.

தமிழில் எழுதியதை எழுதியபடி படித்துப் பழகிய கண்ணுக்கு இது வீண்செலவாகத் தெரியும். முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். எரிச்சல்படுங்கள், ஆனால் பென்சிலால் அந்த எழுத்துகளை லேசாக அடித்துக்கொண்டே படியுங்கள்.

படி 2: பொதுவாக ஒலிக்கும் நான்கு

சி, ஆர், எஃப், எல். இந்த நான்கும் கடைசியில் வந்தால் பெரும்பாலும் ஒலிக்கும். உடன் என்பதற்கு 'அவெக்', கடல் 'மெர்', ஒன்பது 'நெஃப்', உப்பு 'ஸெல்'. ஐஃபெல் கோபுரத்தின் எல் கேட்பதும் இதனால்தான்.

ஆனால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கில் அதிகம் ஏமாற்றுவது ஆர். 'பேசுதல்' போன்ற வினைப்பெயர்கள் ஈ-ஆர் என்று முடிந்தால் ஆர் விழுந்து 'ஏ' மட்டும் வரும்: 'பார்லே', 'மா(ன்)ஜே'. முதல் என்ற 'ப்ரெமியே'யும் அப்படியே. கடல், குளிர்காலம் போன்ற சிறு பெயர்ச்சொற்களில் அதே ஈ-ஆர் 'எர்' என்று ஒலிக்கும். சி-யில் புகையிலை ('தபா'), வயிறு ('எஸ்தோமா'), வெள்ளை ('ப்ளா(ன்)') விலக்கு. எல்-லில் கருவி ('ஊத்தி'), துப்பாக்கி ('ஃப்யூஃஸி'), அன்பான ('ஜா(ன்)தி') விலக்கு. எஃப்-பில் சாவி ('க்லே').

படி 1-க்கும் விலக்குகள் உண்டு. அவற்றைத் திசைகளை வைத்து மனப்பாடம் செய்வது எனக்கு எளிதாக இருந்தது. வடக்கு 'நோர்': கடைசி டி தூங்குகிறது. தெற்கு 'ஸ்யூத்': அதே டி விழித்திருக்கிறது. கிழக்கு 'எஸ்த்', மேற்கு 'வெஸ்த்': எஸ்ஸும் டீயும் இரண்டிலும் கேட்கின்றன. நான்கு திசையில் ஒன்றுதான் விதிப்படி நடக்கிறது! பஸ், எலும்பு ('ஓஸ்'), கரடி ('ஊர்ஸ்'), மார்ச் மாதம் ('மார்ஸ்') ஆகியவற்றிலும் எஸ் கேட்கும். 'எர்மெஸ்' என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனத்தின் பெயரில் முதல் எச் ஒலிக்காது, கடைசி எஸ் ஒலிக்கும். அதிகம் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்பவர்கள் அந்த எஸ்ஸையும் விழுங்கி மாட்டிக்கொள்வார்கள்.

படி 3: கடைசி ஈ, தட்டி எழுப்பும் எழுத்து

சொல்லின் கடைசியில் நிற்கும் குறியில்லாத ஈ தானாக ஒலிக்காது. ஆனால் தனக்கு முன்னால் தூங்கும் மெய்யைத் தட்டி எழுப்பிவிடும். பெண்பால் உருவாவது பெரும்பாலும் இப்படித்தான். ஆண்பாலில் 'பெத்தி', பெண்பாலில் 'பெத்தித்'. பச்சை 'வேர்', 'வேர்த்'. பிரெஞ்சு என்ற சொல் 'ஃப்ரா(ன்)ஸே', 'ஃப்ரா(ன்)ஸேஃஸ்'. எழுத்தில் கூடியது ஓர் ஈ, காதில் கூடியது ஒரு மெய்.

மூக்கொலியில் இது இன்னும் நுணுக்கம். நார்மண்டியில் ஓர் ஊர், தெற்கே திரைப்பட விழா நடக்கும் இன்னோர் ஊர். முதலாவது 'கா(ன்)', 'என்' என்ற எழுத்தில் முடிகிறது. இரண்டாவது 'கான்': இரட்டை என்னுக்குப் பின் ஈ-யும் எஸ்ஸும். ஈ வந்ததும் ன் முழுசாக, நாக்கு பல்லைத் தொட்டு ஒலிக்கிறது. மாற்றிச் சொன்னால் ரயில் டிக்கெட் வேறு திசைக்குப் போய்விடும். நல்ல என்பதற்கும் இதே கதை: 'போ(ன்)', 'போன்'.

மூக்கொலி நமக்குப் புதிது என்று பயப்பட வேண்டாம். பேச்சில் 'வந்தான்', 'அவன்' என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி ன் முழுசாகவா வருகிறது? நாக்கு தொடுவதில்லை, உயிரெழுத்து மூக்கு வழியாக வழிந்து முடிகிறது. எழுத்தில் ன் போட்டுவிட்டுப் பேச்சில் அதை விழுங்குகிறோம். 'போ(ன்)' சொல்ல வேண்டியதும் அப்படியே. பாடப்புத்தகத் தமிழ் பேசுவதுபோல் ன்-ஐ அழுத்தினால்தான் கெடும்.

நமக்கே உரிய தொல்லை வேறு ஒன்று. மெய்யில் முடியும் சொல்லுக்கு வால்போல ஓர் 'உ' சேர்ப்பது: பஸ்ஸு, பாலு. 'பெத்தித்' என்பதை 'பெத்தித்து' ஆக்கினால் கேட்பவர் திணறுவார். த்-இல் நிறுத்தி, காற்றை விட்டு, வாயை அப்படியே விட்டுவிடுங்கள்.

சொல்லின் நடுவே வரும் ஈ-யும் விழும். சனிக்கிழமை 'ஸாம்தி' (நடு ஈ காணோம்), மருத்துவர் 'மேத்ஸே(ன்)'. ஆனால் வெள்ளிக்கிழமையில் நடு ஈ ஒலித்தே ஆகும். எடுத்துவிட்டால் மூன்று மெய் ஒன்றாக மோதிக்கொள்ளும். பேச்சில் இந்த உதிர்வு எங்கே போய் நிற்கும் என்றால், 'எனக்குத் தெரியாது' என்ற நான்கு சொல் வாக்கியம் 'ஷே பா' ஆகிவிடும். பிரான்சின் தெற்கே போனால் நிலைமை தலைகீழ்: பலர் கடைசி ஈ-யையும் நன்றாகவே ஒலிப்பார்கள். அது தவறல்ல, வட்டார வழக்கு.

படி 4: வினையிலும் பன்மையிலும் கண்ணுக்கு மட்டும் இருப்பவை

பேசு என்ற வினையின் நிகழ்கால வடிவங்களில் நான், நீ, அவன், அவர்கள் நான்குமே 'பார்ல்'. எழுத்தில் மட்டும் ஈ, ஈ-எஸ், ஈ, ஈ-என்-டீ என்று முடிவு மாறுகிறது. அந்த ஈ-என்-டீ அவர்களுக்கான வினைமுடிவாக இருந்தால் மூன்று எழுத்தும் ஊமை. பெயர்ச்சொல்லிலோ வினையடையிலோ வந்தால் 'ஆ(ன்)' என்று மூக்கில் ஒலிக்கும். 'கன்னிமாடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன' என்ற பழைய விளையாட்டு வாக்கியத்தில் கன்னிமாடமும் அடைகாக்கின்றன என்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். முதலாவதை 'கூவா(ன்)' என்றும் இரண்டாவதை 'கூவ்' என்றும் படிக்க வேண்டும். கண் முடிவு செய்யாது, இலக்கணம் முடிவு செய்யும்.

பன்மையின் எஸ்ஸும் கண்ணுக்கு மட்டும்தான். புத்தகமும் புத்தகங்களும் ஒரே 'லிவ்ர்'. ஒன்றா பலவா என்பதை முன்னால் வரும் 'லெ', 'லே' சொல்லிவிடும். அதனால் பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் முன்சொல்லோடு சேர்த்தே செய்யுங்கள்.

படி 5: அடுத்த சொல் உயிரில் தொடங்கினால்

இங்கே நிதானமாக இருப்போம், பிரெஞ்சின் ஓட்டமே இதில்தான் இருக்கிறது. இதைக் கற்றுக்கொள்வதில் தமிழர்களுக்கு ஒரு சாதகம் உண்டு, புணர்ச்சி நமக்குப் பழக்கம்.

ஒலிக்கும் மெய்க்குப் பின் உயிர் வந்தால் மெய்யின்மேல் உயிர் ஏறும். பால், ஆடை சேர்ந்து பாலாடை ஆவதுபோல 'அவெக்', 'எல்' (அவள் என்ற சொல்) சேர்ந்து 'அவெக்கெல்'. சரி, இது சுலபம். அப்புறம், 'லெ' என்ற முன்சொல்லுக்குப் பின் உயிர் வந்தால் அதன் ஈ ஓடிப்போய் மேற்குறி வந்துவிடும்: நண்பன் 'லாமி'. காடு, எல்லாம் சேரும்போது 'காடெல்லாம்' ஆகிறதே, அந்தக் குற்றியலுகரம் ஓடுவதைப்போல.

புதியது மூன்றாவது வகை. தூங்கிக்கொண்டிருந்த மெய் உயிரைக் கண்டதும் எழுந்து, அதன்மேல் ஏறிக்கொள்கிறது. நண்பர்கள்: 'லே' என்ற சொல்லின் எஸ் எழுந்து 'லேஃஸாமி'. இதற்கு 'லியேஸோ(ன்)' என்று பெயர். எழும்போது சில எழுத்துகள் குரலை மாற்றிக்கொள்ளும். எஸ், எக்ஸ், இசட் மூன்றும் 'ஃஸ' ஆகும். டி எழுந்தால் டீயின் ஒலியோடு, வல்லின 'த'வாக வரும். ஒன்பதின் எஃப், மணி, வயது போன்ற சில சொற்களுக்கு முன் மட்டும் 'வ' ஆகும்: ஒன்பது மணி 'நெவெர்'.

கட்டாயம் எழுப்ப வேண்டிய இடங்கள்: முன்சொல்லுக்கும் பெயருக்கும் நடுவே, நாம்-நீங்கள்-அவர்கள் என்ற சுட்டுக்கும் வினைக்கும் நடுவே, பெயருக்கு முன் வரும் உரிச்சொல்லுக்குப் பின், 'ஆ(ன்)' (இல்), 'ஷே' (ஒருவர் வீட்டில்) போன்ற குட்டி முன்னிடைச்சொற்களுக்குப் பின். எழுப்பவே கூடாத இடங்கள்: 'உம்' என்று பொருள்படும் 'ஏ'வுக்குப் பின் (அதன் டீ எப்போதும் எழாது), ஒருமைப் பெயர்ச்சொல்லுக்கும் அதன் வினைக்கும் நடுவே. நடுவில் பெரிய இடம் விருப்பத்துக்கு உரியது; மேடைப்பேச்சில் அதிகம் எழுப்புவார்கள், நண்பர்களிடையே விட்டுவிடுவார்கள். என் கருத்தைக் கேட்டால், தொடக்கத்தில் கட்டாயமானதை மட்டும் செய்யுங்கள். எல்லா இடத்திலும் எழுப்பினால் செய்தி வாசிப்பவர் கடைக்கு வந்ததுபோல் இருக்கும்.

இந்த 'ஃஸ' பொருளையே மாற்றும். 'இல் ஸோ(ன்)' என்றால் அவர்கள் இருக்கிறார்கள். 'இல் ஃஸோ(ன்)' என்றால் அவர்களிடம் இருக்கிறது. அதிர்வு ஒன்றுதான் வித்தியாசம். மணி சொல்வதில் நானே மாட்டியிருக்கிறேன். இரண்டு மணி 'தெஃஸெர்', பன்னிரண்டு மணி 'தூஃஸெர்'. இரண்டுக்கு வரச்சொன்னதைப் பன்னிரண்டு என்று கேட்டுக்கொண்டு போய், இரண்டு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த 'ஃஸ'வை மட்டும் கவனித்து, அதற்கு முந்திய உயிரெழுத்தைக் கவனிக்காததன் பலன்.

படி 6: எச் என்ற வாயில்காப்பான்

பிரெஞ்சில் எச் ஒருபோதும் ஒலிக்காது. அப்படியென்றால் ஒரே விதி போதுமே என்று தோன்றும். போதாது, ஊமை எச்சில் இரண்டு வகை. ஒன்று இல்லாததற்குச் சமம்: ஹோட்டல் 'லோதெல்', மனிதர்கள் 'லேஃஸோம்'. இன்னொன்று தானும் பேசாது, பக்கத்து மெய்யையும் எழ விடாது. பாரிஸின் பழைய சந்தைப் பகுதியின் பெயர் 'லே ஆல்', 'லேஃஸால்' அல்ல. இந்த இரண்டாம் வகைச் சொற்களில் பல ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்தவை. ஒரு காலத்தில் அவற்றில் எச் உண்மையிலேயே ஒலித்தது. ஒலி போனது, அதன் நிழல் மட்டும் நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், வீரன் என்ற சொல் தடுக்கும் வகை, வீராங்கனை என்ற சொல் தடுக்காத வகை. வீரர்களைத் தவறுதலாக 'லேஃஸேரோ' என்று சேர்த்துச் சொன்னால் பூஜ்யங்கள் என்று பொருளாகிவிடும்! எந்த எச் எந்த வகை என்பதை அகராதியில் சொல்லுக்கோ உச்சரிப்புக்கோ முன்னால் இருக்கும் சிறு குறி காட்டும். பதினொன்று என்ற 'ஓ(ன்)ஃஸ்' எச் இல்லாமலேயே இப்படித் தடுக்கும்.

படி 7: எண்களுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள்

ஆறு: தனியாக 'ஸீஸ்', மெய்க்கு முன் 'ஸீ', உயிருக்கு முன் 'ஸீஃஸ்'. பத்துக்கும் இதே மூன்று முகம்: 'தீஸ்', 'தீ', 'தீஃஸ்'. எட்டின் கடைசி டீ மெய்க்கு முன் மட்டும் விழும். ஏழில் பீ எப்போதும் ஊமை, டீ எப்போதும் ஒலிக்கும். இருபது தனியாக 'வே(ன்)'. 21 முதல் 29 வரை அதன் டீ கேட்கும். எண்பதில் மறுபடி தூங்கிவிடும், 81-இல் உயிர் வந்தாலும் எழாது. காரணம் தேடாமல் வாயால் சொல்லிச் சொல்லிப் பழகுங்கள்.

படி 8: ஒரே எழுத்து, இரண்டு ஒலி

'ப்ளூ' என்றால் இனி இல்லை, 'ப்ளூஸ்' என்றால் இன்னும் அதிகம், எழுத்து ஒன்றே. பேச்சில் மறுப்பைக் காட்டும் முதல் சொல்லை விட்டுவிடுவார்கள் என்பதால் 'எனக்குப் போதும்' என்பதும் 'இன்னும் வேண்டும்' என்பதும் அந்த எஸ் ஒன்றிலேயே தொங்கும். சாப்பாட்டு மேசையில் கவனம். மகன் 'ஃபீஸ்': எல் ஊமை, எஸ் ஒலிக்கும். தைக்கும் நூல்கள் என்ற சொல் அதே எழுத்துகளில் 'ஃபீல்': எல் ஒலிக்கும், எஸ் ஊமை. ஓர் எலும்பு 'ஓஸ்', பல எலும்புகள் வெறும் 'ஓ'.

இவ்வளவு எழுத்து எதற்கு?

பாதிக் காரணம் பழைய உச்சரிப்பு: பல எழுத்துகள் முன்பு ஒலித்தவை. மறுபாதி, லத்தீன் மூலத்தைக் காட்ட அறிஞர்கள் செருகியவை. விரலில் உள்ள ஜி, ஏழில் உள்ள பீ எல்லாம் அந்த வகை. சில சமயம் மூலத்தையே தவறாகப் பிடித்தார்கள்: எடை என்ற 'புவா'வில் உள்ள டி, அந்தச் சொல்லுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு லத்தீன் சொல்லைப் பார்த்துப் போட்டது. 1635-இல் தொடங்கிய பிரெஞ்சு அகாதெமி 1694-இல் வெளியிட்ட முதல் அகராதியில் பெரும்பாலும் பழைய எழுத்துமுறையையே பிடித்துக்கொண்டது. 1740 பதிப்பில் பல ஊமை எஸ்கள் நீக்கப்பட்டு, உயிரெழுத்தின்மேல் கூரைபோல ஒரு குறி வந்தது. காடு, மருத்துவமனை இரண்டையும் பிரெஞ்சில் அந்தக் கூரையோடு பார்த்தால், ஃபாரஸ்ட், ஹாஸ்பிடல் என்று நாம் சொல்லும் சொற்களில் இன்னும் கேட்கும் எஸ் அங்கே புதைந்திருப்பது புரியும். 1990 திருத்தங்களில் வெங்காயத்தின் ஊமை ஐ-யை விடலாம் என்றார்கள். பழைய வடிவமும் செல்லும்.

சொல்லைக் கேட்டு எழுதும்போது கடைசியில் எந்த ஊமை எழுத்து என்று தெரியாவிட்டால் அதன் உறவினரைக் கேளுங்கள். பல் 'தா(ன்)', பல் மருத்துவர் 'தா(ன்)தீஸ்த்', ஆக டீ. ஈயம் 'ப்ளோ(ன்)', குழாய் வேலைக்காரர் 'ப்ளோ(ன்)பியே', ஆக பி. புகையிலைபோல் சில இதில் அடங்காது, ஆனால் பெரும்பாலும் உதவும்.

பயிற்சி

எழுத்தும் ஒலிப்பதிவும் சேர்ந்துள்ள ஐந்து வரி போதும். முதலில் ஒலியைப் போடாதீர்கள். ஊமை எழுத்துகளைப் பென்சிலால் அடித்து, எழுந்து தாவும் இடங்களில் வளைகோடு போட்டு, வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் கேட்டு, தவறிய இடத்தை மட்டும் வட்டமிடுங்கள். வட்டங்கள்தான் உங்கள் பாடம்.

ஒன்றைச் செய்து காட்டுகிறேன்: 'என் சின்னப் பிள்ளைகள் பத்து மணிக்குத் தங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்'. பிரெஞ்சில் ஒன்பது சொல். 'என்'னின் எஸ் தூங்கும், அடுத்து மெய் வருவதால். 'சின்ன'வில் டீ தூங்கும், அதன் பின்னுள்ள பன்மை எஸ் எழுந்து பிள்ளைகள்மேல் ஏறும். பிள்ளைகளின் டீ, எஸ் இரண்டும் ஊமை. அடுத்து உயிரில் தொடங்கும் வினை வந்தாலும் சாதாரணப் பேச்சில் எழுப்ப மாட்டார்கள். வினையின் ஈ-என்-டீ மூன்றும் அடிபடும். 'ஷே'யின் இசட் எழுந்தே ஆக வேண்டும். 'தங்கள்' என்பதன் எக்ஸ் படுத்தே இருக்கும், ஆனால் பத்தின் எக்ஸ் எழும், ஏனென்றால் மணியின் எச் தடுக்காத வகை. மணியின் கடைசி ஈ-யும் எஸ்ஸும் ஊமை. இப்போது ஒரே மூச்சில்: 'மே பெத்திஃஸா(ன்)ஃபா(ன்) அரீவ் ஷேஃஸெ ஆ தீஃஸெர்'.